பஞ்சரக்காவின் பாசிக் குட்டை

"இன்னொரு தடவை போட்டுப் பாரு" என்றது போன்.

அவள் போட்டுப் பார்த்தாள். பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் முக்கி டிரம் மூடியின் விளிம்பில் தடவினாள். வால்வின் கழுத்தில் தடவினாள். குழாய் டிரம்முக்குள் நுழையும் இடத்தில், அங்கே ஏற்கெனவே மூன்று அடுக்கு ரப்பர் பசை காய்ந்து பொருக்காகியிருந்தது, அதன் மேலும் தடவினாள். நுரை வெறும் நுரையாக இருந்தது. ஒரு குமிழிகூட எழவில்லை.

"வரலை."

"வால்வு?"

"வால்வுலயும் வரலை."

"ட்யூபைக் கழட்டித் தொட்டியில முக்கினியா?"

"முக்கியாச்சு. நேத்தும் முக்கினேன். இனிமே என்னைத்தான் முக்கணும்."

"அப்ப எங்கயோ போகுது."

"எங்க போகுது? உங்ககிட்ட வந்துதான்னு பாருங்க. அங்க ஏதாச்சும் நாத்தம் அடிக்குதா?"

அவள் கணவன் சிரித்தான். லாரியை எங்கோ ஓரம்கட்டிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தான்; பின்னால் வேறு லாரிகள் உறுமிக்கொண்டு போயின. தூரத்தில் இருக்கிறவர்களுக்குச் சிரிப்பு சுலபமாக வந்துவிடுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை உங்க அண்ணன் லாரியோட வரார். ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு, இருக்கு."

"அடுப்பு எரிஞ்சா விட்டுடறேன், எரியலைன்னா குட்டையை மூடிடுவேன்னு சொல்லியிருக்கார். இன்னிக்கு வியாழன். அடுப்பு எரியலை."

"எரியும். நீ லீக்கை மட்டும் கண்டுபிடி."

போனை வைத்துவிட்டான். அவள் பிரஷ்ஷைச் சட்டிக்குள் எறிந்தாள். சோப்புத் தண்ணீர் அவள் மூஞ்சியிலேயே தெறித்தது.

அந்த நேரம் பார்த்து மாமனார் கொல்லைக்கு வந்தார். கையில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு மோந்து பார்த்தார். பிறகு செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனார். தினமும் இப்படித்தான். குடிக்கிற தண்ணீரை இத்தனை சந்தேகத்தோடு பார்க்கிற ஒரு மனிதரோடு ஒரே வீட்டில் இருப்பதே பெரும்பாடு.

தெருவில் அவளைப் பஞ்சரக்கா என்பார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காற்றிறங்கின டயரோடு நடுத்தெருவில் நிற்கிறவனுக்கு உறவுமுறை பார்க்க நேரமில்லை. வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு கம்ப்ரசர், டயரை நெம்பும் கம்பிகள், உப்புத்தாள், பசை டப்பா. ட்யூபை முக்கிப் பார்க்கப் பாதியாக அறுத்த டிரம் ஒன்றில் தண்ணீர். அந்தத் தொட்டியின் ஓரமெல்லாம் பச்சையாகப் பாசி படிந்து கிடக்கும். மாமனாருக்கு அதைக் கண்டாலே ஆகாது. "அந்தத் தொட்டியையாவது கழுவித் தரேனேம்மா" என்று பலமுறை கேட்டிருக்கிறார். கடைச் சாமான்கள் எதையும் யாரும் தொடக்கூடாது என்று அவள் கறாராகச் சொல்லியிருந்தாள். அவர் தொட்டதில்லை.

அவளுடைய அப்பா பஞ்சர் கடை வைத்திருந்தவர். காற்று வருகிறதா என்று ட்யூபைக் கன்னத்துக்கு அருகே வைத்துப் பார்க்க அவரிடமிருந்து பழகிக்கொண்டாள். அவளை மணந்தவன் அந்தக் கடைக்கு அடிக்கடி டயர் கொண்டுவந்த லாரி டிரைவர். ஒரே டயரில் அத்தனை பஞ்சர் எப்படி ஆகும், அவனே ஆணி அடித்துக்கொண்டு வந்திருப்பான் என்று இன்றும் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அவன் மறுத்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவன் லாரியோடு போய்விட்டான், கடை இவளோடு வந்துவிட்டது.

முதல் தடவை வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்பார்கள்.

"இருக்காரு. மாமனார். ஆனா அவர் தண்ணி மட்டும்தான் பாப்பாரு" என்பாள், டயரை அதற்குள் கழற்றியிருப்பாள்.

மாமனார் குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்குத் தண்ணீர் போகும் பெரிய தொட்டிகளில் பிளீச்சிங் பவுடர் கலக்குவதுதான் வேலைக்காலம் முழுக்க அவர் பார்த்த வேலை. பச்சை என்பது அவருக்கு நிறமில்லை, குற்றம்.

கொல்லைக்குப் பின்னால்தான் குட்டை. எப்போதோ செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம். மழைத்தண்ணீரும் துணி துவைக்கிற தண்ணீரும் சேர்ந்து நிரம்பும். கோடை வந்தால் அடர்ந்து பச்சையாகிவிடும். அவள் கணவனுக்கும் அவன் அண்ணனுக்கும் பொது. அண்ணன் விசேஷங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். ஆட்களை அவர் நாற்காலியாகத்தான் எண்ணுவார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது பார்க்க வந்த கூட்டத்தைக்கூட "இருபது சேர் இருக்கும்" என்றார். கோடை தொடங்கும்போது குட்டைக்கரையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, "இதை மூடிட்டு ஒரு ஷெட்டு போட்டா என் நாற்காலியெல்லாம் அடுக்கிடலாம்" என்றார்.

"இதுலேர்ந்து கேஸ் எடுக்கப் போறோம், பெரியத்தான்" என்று அவள் சொன்னாள். அப்போது அது கணவன் அனுப்பின ஒரு வீடியோ மட்டும்தான். நெடுஞ்சாலையில் எங்கோ ஒரு சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன் என்று அனுப்பியிருந்தான். குட்டைப் பாசியை அரைத்து, சாணத்தோடு கரைத்து, காற்றுப் புகாத டிரம்மில் ஊற்றி வைத்திருந்தார்கள். உள்ளே அழுகிக் கிளம்பும் வாயு ஒரு பழைய லாரி ட்யூபுக்குள் போய் நிறைந்தது. அந்த ட்யூபிலிருந்து குழாய் வழியாக அடுப்பு. பாசி, சாணம், அழுகல் எதுவும் அவளை இழுக்கவில்லை. ட்யூப் இழுத்தது. ட்யூபில் காற்று நிற்பதும் நிற்காததும் அவளுக்குப் புரிந்த விஷயம்.

பால்காரரிடம் சாணம் கேட்டாள். "எருமைச் சாணமா, பசுஞ்சாணமா?" என்று நகைக்கடைக்காரர் மாதிரி கேட்டார். இரண்டும் வாங்கினாள். வலை போட்டுப் பாசியை அள்ளி, பழைய கிரைண்டரில் அரைத்து ஊற்றினாள். கொஞ்ச நாளில் ட்யூப் எழுந்து உட்கார்ந்தது. பெருமை தாங்காமல் பெரியத்தானைக் கூப்பிட்டாள். அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பஞ்சரக்கா அடுப்பைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினாள். தீக்குச்சி அணைந்தது. இன்னொன்று கிழித்தாள். அதுவும் அணைந்தது. ஊதினால்கூட அவ்வளவு சுத்தமாக அணையாது.

"இது அடுப்பா, தீயணைப்பா?" என்றார் பெரியத்தான். "வீட்ல ஒண்ணு வச்சிக்கணும்மா. எங்கயாவது தீப்பிடிச்சா உதவும்."

அன்றைக்கே அதற்குத் தீயணைப்பு அடுப்பு என்று பெயர் நிலைத்தது. பிறகு போனில் கணவன், "முதல்ல வர்றது எரியாது. அதை வெளிய விட்டுடணும். சொல்ல மறந்துட்டேன்" என்றான். பெரியத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டுப் போனார். இடித்த வீட்டுக் கல் எங்கோ அவருக்குச் சும்மா கிடைக்கிறதாம், லாரி அன்றைக்குத்தான் ஒழியுமாம். அதற்குள் எரிந்தால் சரி. போகும்போது தன் அப்பாவைத் தனியாக அழைத்துக் குட்டையைக் காட்டி ஏதோ சொன்னார். கிழவர் முகம் தொங்கிப்போனது. அவள் அதைப் பார்த்தாள், பொருட்படுத்தவில்லை.

நாலைந்து நாள் கழித்து, யாரும் இல்லாத ஒரு பிற்பகலில், அது எரிந்தது. நீல ஜுவாலை. அவள் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். வேறு எதற்கும் இல்லை, கொதிப்பதைப் பார்க்கத்தான். மாமனார் வந்து எட்டிப் பார்த்து, "புது சிலிண்டர் வந்துடுச்சா?" என்றார். "ஆமா மாமா" என்றாள். விளக்கப் போனால் விடிந்துவிடும் என்று அப்படிச் சொன்னாள்.

அதற்குப் பிறகு எரியவே இல்லை. ட்யூப் தொய்ந்தது, தட்டையானது, தரையோடு தரையாகக் கிடந்தது.

அழுத்தம் இறங்கினால் எங்கோ ஓட்டை. அவள் பிழைப்பே அந்த ஒரு உண்மையின் மேல்தான் நடந்தது. அந்த டிரம்மில் ஓட்டை தேடினாள். கிடைக்கவில்லை. கிடைக்காத ஓட்டைதான் மோசமான ஓட்டை என்று அந்த டிரம்மைக் கழித்துக்கட்டினாள். ட்யூபைக் கழற்றிக்கொண்டு, குழாய் வாயை ரப்பர் அடைப்பான் போட்டுச் செருகி, கம்பியால் இறுக்கிக் கட்டி, கொல்லை மூலைக்கு உருட்டிவிட்டாள். பழைய எண்ணெய் டிரம் இரண்டை வாங்கிக் கழுவி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவற்றிலும் ஒன்றும் இல்லை. சோப்புத் தண்ணீர், பசை, ஒட்டு, மறுபடி சோப்புத் தண்ணீர். கடைக்கு வந்தவன் டயரைப் பார்க்கச் சொன்னால் அவள் டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குப்பைமேடு ஒன்றுதான் சொன்னபடி கேட்டது. டிரம்முக்குப் போக மிஞ்சின பாசி, காய்ந்த இலை, மரத்தூள், டிரம்மிலிருந்து வழிந்த கழிவு எல்லாவற்றையும் மூலையில் கொட்டி வைத்திருந்தாள். அது தானாகச் சூடேறி, காலையில் ஆவி விட்டுக்கொண்டு, கறுத்து, பொலபொலவென்று உதிரும் எருவாகிக்கொண்டிருந்தது. கழித்துக்கட்டின பழைய டிரம் முழுக்க அதற்குள் புதைந்துபோனது. பக்கத்து வீட்டு டீச்சர் தன் கத்தரிச்செடிகளுக்கு எரு வேண்டுமென்று முன்பதிவே செய்து வைத்திருந்தார். "உங்க கேஸ் வராட்டியும் பரவாயில்லக்கா, குப்பை பிரமாதம்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னது. அவள் சோப்புச் சட்டியை எடுத்துக்கொண்டு டிரம்முக்குப் போனாள்.

குட்டையும் அவளுக்கு எதிராகச் சேர்ந்துகொண்டது. கொளுத்தும் வெயில், பாசி மேலும் மேலும் அடர வேண்டிய நேரம். அது வெளிறிக்கொண்டே போனது. வலையைப் போட்டால் முன்பு கம்பளி மாதிரி வந்தது, இப்போது மூக்குச்சளி மாதிரி வந்தது. தண்ணீர் நாளுக்கு நாள் தெளிந்தது. இதற்கிடையில் துணி துவைக்கிற சோப்பும் மட்டமாகிவிட்டது. மாமனாரின் நீலச்சட்டைக் கைகளிலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்திருந்தது. கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டு வேறு சோப்பு வாங்கி வந்தாள். அதிலும் புள்ளி விழுந்தது. எல்லாமே ஒரே நேரத்தில் கெட்டுப்போகிறது என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி வாக்கில் கடையில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. டயர் நெம்பும் கம்பியில் ஒன்றைக் கொல்லையில் வைத்துவிட்டு வந்த ஞாபகம். எடுக்கப் போனாள்.

மாமனார் மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துண்டால் கட்டியிருந்தார். ஒரு கையில் தகர டின், மறு கையில் குழிக்கரண்டி. புது டிரம்மில் பாசி ஊற்றுகிற குழாய் வாயில் கரண்டி கரண்டியாக வெள்ளைப் பொடியைப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றி, ஒரு நீளக் குச்சியால் கலக்கினார். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.

"மாமா, என்ன பண்றீங்க?"

"இரும்மா. கலக்கி முடிச்சிடறேன். பாதியில விட்டா அடியில தங்கிடும்."

அவர் முடிக்கும்வரை அவள் நின்றாள். ஏன் நின்றாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. அந்தக் கை அவ்வளவு பழக்கப்பட்ட கையாக இருந்தது.

"என்ன பொடி அது?"

"பிளீச்சிங்தான். நல்ல சரக்கு. வாரியத்துல நம்ம பையன் ஒருத்தன் வாங்கித் தரான்."

"எத்தனை நாளாப் போடறீங்க?"

"பெரியவன் வந்துட்டுப் போனதுலேர்ந்து. தண்ணி பச்சையா நாறுது, மூடிடறேன்னான். வெக்கமாப் போச்சு. நான் இருக்கற வீட்ல பச்சைத் தண்ணியா? தெளிஞ்சுட்டா மூட மாட்டான் இல்ல? நீயும் காலையில வலை போட்டு அள்றியே, பாத்தேன். சரி, மருமக ஒத்தையா மல்லுக்கட்டறா, நாமளும் ஒரு கை குடுப்போம்னு."

"குட்டைக்குமா போட்டீங்க?"

"குட்டைக்குத்தான் முதல்ல. பாரு, எப்படித் தெளிஞ்சிருக்கு."

"டிரம்முக்கு எதுக்கு மாமா?"

"நீ அள்ளினதை உள்ள போட்டு மூடி வைக்கறியே தவிர, செத்துதா இல்லையான்னு பாக்கறதில்ல. மூடி வச்சா மறுபடி முளைக்கும்மா. அதான் ரெண்டு நாளைக்கு ஒருக்கா."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு குப்புறக் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தாள்.

"மாமா, நான் அள்றது அதைக் கொல்றதுக்கில்ல. அதை வளத்து, அதுலேர்ந்து கேஸ் எடுக்க. டிரம்முக்குள்ள பூச்சி இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. அதுங்க பாசியைத் தின்னாத்தான் கேஸ். அதுங்க உயிரோட இருந்தாத்தான் அடுப்பு."

அவர் துண்டை அவிழ்த்தார். நிதானமாக மடித்தார்.

"கண்ணுக்குத் தெரியாத பூச்சியைக் கொல்றதுக்குத்தாம்மா எனக்குச் சம்பளம் குடுத்தாங்க" என்றார்.

சத்தம் போட்டிருக்கலாம். யாரைப் பார்த்துப் போடுவது? அன்றைக்கு "புது சிலிண்டரா?" என்று கேட்ட மனிதரிடம் "ஆமா" என்று சொன்னது அவள்தான். இத்தனை வாரமாக இரண்டு பேரும் ஒரே குட்டையைக் காப்பாற்றத்தான் மெனக்கெட்டிருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல். இடையில் சோப்புக் கடைக்காரன் வேறு திட்டு வாங்கியிருக்கிறான்.

"அக்கா, வண்டி" என்று ஸ்கூட்டர்காரன் முன்னாலிருந்து கத்தினான்.

"வரேன். எனக்குத்தான் காத்துப் போயிடுச்சு, இரு" என்று அவள் எழுந்தாள்.

சனிக்கிழமை அவள் டிரம் பக்கம் போகவில்லை. நாளைக்குக் கல்லைக் கொட்டும்போது குப்பைமேடும் அடியில் போய்விடும், அதற்குள் டீச்சருக்காவது கொடுத்துத் தொலைக்கலாம் என்று மண்வெட்டியும் கூடையுமாகப் போனாள். கோபத்தில் வெட்டினதால் வேலை வேகமாக நடந்தது. எரு உள்ளே கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. பழைய டிரம்மின் கழுத்து வெளியே வந்தது. அதைச் சுற்றி இன்னொரு வெட்டு வெட்டினாள்.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

அவள் அனிச்சையாகத் தெருப்பக்கம் திரும்பினாள், யாருடைய வண்டி என்று. தெருவில் வண்டி இல்லை. குனிந்தாள். டிரம் மூடி நடுவில் தோசைக்கல்லைக் கவிழ்த்த மாதிரி புடைத்திருந்தது. அவள் செருகின ரப்பர் அடைப்பானின் ஓரத்திலிருந்துதான் சத்தம். மண்வெட்டி பட்டு அது அசைந்திருந்தது. கன்னத்தை அருகே கொண்டுபோனாள். காற்று. வெதுவெதுப்பான, அழுகின முட்டை வாடை அடிக்கிற, நல்ல அழுத்தமான காற்று.

ஓடிப்போய்ச் சோப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து தடவினாள். நுரை கொத்துக் கொத்தாகப் பொங்கி, கோலிக்குண்டு அளவுக்குக் குமிழி விட்டு, வெடித்து, மறுபடி பொங்கியது. மண்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு அதையே பார்த்தாள்.

"என்னம்மா?" என்றார் மாமனார், டம்ளரும் கையுமாக.

"ஓட்டை மாமா. ஒரு வழியா ஒரு ஓட்டை கிடைச்சிடுச்சு."

"அது நல்லதா?"

"ரொம்ப நல்லது. உள்ள இருந்தாத்தானே மாமா ஒழுகும்? இத்தனை நாளும் ஒண்ணுமில்லாத டிரம்மைப் போட்டுத் தடவிட்டிருந்தேன்." பிறகு சந்தேகம் வந்தது. "இதுக்கு நீங்க போடலையா?"

அவர் குற்றவாளி மாதிரி தலையைத் தாழ்த்தினார். "ஆரம்பத்துல ஒரே ஒரு தடவை போட்டேன். அப்புறம் அது குப்பைக்குள்ள போயிடுச்சு. எனக்கு முழங்கால் மடங்கலை. வேலையை அரைகுறையா விட்டுட்டேன், தப்புதான்."

"மாமா, அதுதான் நீங்க செஞ்சதுலயே நல்ல வேலை."

லாரி ட்யூபை மாட்டினால் ஒரு நாளில் நிறையாது. தட்டையான லாரி ட்யூபைப் பார்த்தால் பெரியத்தான் வாசலிலேயே திரும்பிவிடுவார். கடையிலிருந்து ஒரு ஸ்கூட்டர் ட்யூபை எடுத்துவந்து மாட்டினாள். டிரம்மைச் சுற்றி வெட்டின எருவை மறுபடி அணைத்துக் கொட்டினாள். டீச்சரிடம் அடுத்த வாரம் தருகிறேன் என்று சொல்லியனுப்பினாள். காலையில் ட்யூப் உருண்டு திரண்டு, தட்டினால் டொம் என்றது. முதல் காற்றைக் கொஞ்சம் வெளியே விட்டாள். மறுபடி கேலிக்கு ஆளாக அவளுக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதலில் லாரி வந்தது, பிறகு பெரியத்தான் வந்தார். லாரி நிறைய இடித்த சுவர்க் கல்லும் செங்கல் துண்டும். அவர் கையோடு ஒரு நாற்காலி கொண்டுவந்திருந்தார். எங்கே போனாலும் அவர் சொந்த நாற்காலியில்தான் உட்காருவார். கொல்லையில் அதைப் போட்டு உட்கார்ந்து, "ம். தீயணைப்பை ஆரம்பி" என்றார்.

அவள் ட்யூப் மேல் ஒரு பலகையும் அதன் மேல் இரண்டு செங்கல்லும் வைத்தாள். அடுப்பைத் திறந்தாள். தீக்குச்சியைக் காட்டினாள். தீக்குச்சி அணையவில்லை. அவள் கையைத்தான் சுட்டது.

"எங்க எரியுது? ஒண்ணும் தெரியலையே" என்று பெரியத்தான் குனிந்தார்.

"எரியுது. வெயில்ல தெரியாது."

"எரிஞ்சா தெரியணும்ல" என்று கையை நீட்டி வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "சுடுது."

"எரியுதுல்ல, அதான்."

டீக்குத் தண்ணீர் வைத்தாள். அடிப்பாகத்தில் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. சத்தம் போட ஆரம்பித்தது. மாமனார் உட்பட மூன்று பேரும் அந்தப் பாத்திரத்தையே பார்த்தார்கள். கொதி வருவதற்குச் சற்று முன்னால், இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் என்ன, ட்யூப் தொய்ந்து ஜுவாலை பொக்கென்று போனது. அவள் அந்தத் தண்ணீரிலேயே டீத்தூளைப் போட்டு வடிகட்டிக் கொடுத்தாள். பெரியத்தான் ஒரு வாய் குடித்தார்.

"குழந்தைக்குக் குடுக்கலாம். வாய் வேகாது."

"எரிஞ்சா மூட மாட்டேன்னீங்க."

"சொன்னேன். எரிஞ்சுது. இல்லேன்னு நான் சொல்லலை. ஆனா, ஏம்மா, இது எரிஞ்சதுல சேத்தியா? ஒரு குட்டை, ஒரு டிரம், ஒரு குப்பைமேடு, இவ்வளவும் சேந்து அரை டம்ளர் வெந்நீர்."

"இது ஸ்கூட்டர் ட்யூபு. லாரி ட்யூபு நிறைஞ்சா ஒரு நாள் சமையலே ஆகும். உங்கப்பா பிளீச்சிங் போடாம இருந்திருந்தா..."

"பெரியவனே" என்று கிழவர் குறுக்கே வந்தார். அவர் அதுவரை தன் முறைக்காகக் காத்திருந்திருக்கிறார். டம்ளரை நீட்டினார். "குட்டைத் தண்ணி. பாரு."

பெரியத்தான் டம்ளரைப் பார்த்தார். எழுந்து குட்டைக்கரைக்குப் போய்ப் பார்த்தார். அடியில் கிடந்த செங்கல் துண்டு, உடைந்த சட்டி, எப்போதோ விழுந்த செருப்பு, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன.

"இது நம்ம குட்டையா?"

"நம்ம குட்டைதான்" என்றார் கிழவர். வேலைக்காலத்தில் அவரை யாரும் பாராட்டினதில்லை. தண்ணீர் தெளிவாக வந்தால் யாருக்கும் அவர் ஞாபகம் வராது.

பெரியத்தான் கரையோரமாக நடந்தார், திரும்பி நடந்தார். "இதுல நாற்காலி கழுவலாம் போலிருக்கே. ஒவ்வொரு விசேஷத்துக்கும் தண்ணி டேங்கர் சொல்லிச் சொல்லி உயிர் போகுது. ஷெட்டு வேற எங்கயாவது பாத்துக்கலாம். மூட வேணாம்பா. நீ இப்படியே தெளிவா வச்சிரு."

"வச்சிடறேன்" என்றார் கிழவர்.

குட்டை பிழைத்துவிட்டது. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது, சந்தோஷத்தில் இல்லை.

"பெரியத்தான், ஒரு நிமிஷம். தண்ணி தெளிவா இருந்தா எனக்குக் கேஸ் கிடையாது. பச்சையா இருந்தா உங்களுக்கு நாற்காலி கிடையாது. மாமாவுக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. மூடலைன்னா மட்டும் எனக்கு என்ன ஆச்சு? நான் சோப்புத் தண்ணியும் கையுமா நாய் படாத பாடு பட்டது உங்க நாற்காலியைக் கழுவறதுக்கா?"

வீட்டில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பெரியத்தான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வெளியே லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். பிறகு அவனே உள்ளே வந்து, "கொட்டவா, வேணாமா? இதைத் திருப்பி எங்கயும் எடுத்துட்டுப் போக மாட்டேன், சொல்லிட்டேன்" என்றான்.

"கொட்டுப்பா" என்றாள் அவள். "இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரை வரைக்கும், நடுவுல, நேரா."

"குட்டையை மூடணும்னுதானே சொன்னாங்க?"

"மூடலை. பாகம் பிரிக்கறோம்."

பெரியத்தான் யோசித்தார். கல் வந்தாகிவிட்டது. நாற்காலி கழுவப் பாதிக் குட்டை போதும். ஆட்சேபிக்க ஒன்றும் அகப்படவில்லை. "எந்தப் பாதி யாருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"வெயில் பக்கம் எனக்கு" என்றாள். சண்டைக்குத் தயாராகவே சொன்னாள்.

"தாராளமா எடுத்துக்கம்மா" என்றார் மாமனார். "வெயில்லதான் பச்சை வரும். எனக்கு அந்தப் பக்கமே வேணாம்."

அந்த வீட்டுக்கு அவள் வந்ததிலிருந்து தண்ணீர் விஷயத்தில் இருவரும் ஒத்துப்போனது அன்றுதான்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் இரண்டு சைக்கிளும் ஒரு ஆட்டோவும் பஞ்சருக்கு வந்தன. குட்டை நடுவில் போட்ட கல் இரவில் கொஞ்சம் சரிந்திருந்தது. இடுக்கு வழியாகத் தண்ணீர் இரண்டு பக்கமும் போய்வந்தது. அவள் பழைய லாரி ட்யூபுகளை நீளமாக அறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, கல் வரிசையின் ஓரமாக இறக்கி மண் போட்டு அணைத்தாள். மதியம் வரை அதற்கே ஆனது. அவள் பக்கத்தில் பாசி இல்லை. கடைத் தொட்டியின் ஓரங்களைச் சுரண்டி, பச்சைத் தண்ணீரை வாளியில் எடுத்துக்கொண்டு போய் வெயில் பக்கம் ஊற்றினாள். புது டிரம் இரண்டையும் கவிழ்த்துக் கழுவினாள். பால்காரரிடம் சாணம் சொன்னாள். டீச்சர் வந்து மூன்று கூடை எரு எடுத்துக்கொண்டு போனார். மாமனார் துண்டைக் கட்டிக்கொண்டு தன் பக்கத்துக்குப் பவுடர் போட்டார், கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தார், டின்னை அலமாரியில் வைத்தார். புள்ளி விழுந்த சட்டையைத்தான் போட்டிருந்தார். மாலையில் பெரியத்தான் ஒரு வேன் நிறைய நாற்காலி அனுப்பினார். இரவுச் சமையல் சிலிண்டரில் நடந்தது. கணவன் போன் செய்து லீக் எங்கே இருந்தது என்று கேட்டான். உங்கப்பாவைக் கேளுங்க என்று போனை அவரிடம் கொடுத்துவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போனாள்.